பாக்காததைப் போட மாட்டேனுங்க

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், அறுபது பேரும் ஒரே காட்சியைத்தான் வரைவார்கள். முக்கோணமாக இரண்டு மலைகள். நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் குச்சி குச்சியாகக் கதிர்கள். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து காக்கைகள். இதை யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. சேலத்திலேயே பிறந்து, வருடத்தில் பாதி நாள் மணல் கிடக்கும் ஆற்றை மட்டுமே பார்த்த பிள்ளைகள்கூடப் பளீரென்று நீல ஆறு வரைந்தார்கள்.

அந்த வருடம் புதிதாக வந்த டிராயிங் டீச்சர், முதல் வாரமே அறுபது நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். பக்கத்து வகுப்பில் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்தது தட்டி மறைப்பு. அவர் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

“ரெண்டு மலைக்கு நடுவால சூரியன் வாரதை இதுல யாரு பாத்தீங்க அம்மிணி? பாத்தவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது.

“நாளைக்குக் காத்தால எந்திரிச்சு அவங்கவங்க ஊட்டு வாசல்ல நில்லுங்க. சூரியன் எங்கிருந்து வாருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் போடலாம்.”

மறுநாள் என் வகுப்பில் கணக்கே நடக்கவில்லை. என் பிள்ளைகளும் தட்டிக்கு அந்தப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பெண் ஒருத்திக்கு அரிசி மில் புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தது. அம்மாபேட்டைப் பெண்ணுக்குத் தறிக்கூடத்து ஓட்டின்மேல். இன்னொருத்திக்குப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில், காய்களுக்கு நடுவில். குகை என்னும் பகுதியிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் அழுகிற குரலில், “எங்க சந்துல சூரியனே தெரியலீங்க டீச்சர். வெளிச்சம் மட்டுந்தான் வந்துச்சு” என்றாள்.

“அந்த வெளிச்சம் மொதல்ல எந்தச் செவுத்துல உழுந்துச்சு?”

“எதுத்த ஊட்டுச் செவுத்துலீங்க. மேல, ஓரத்துல.”

“அதைப் போடு சாமி. அதுதான் உன்ர சூரியன்.”

ஆண்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த நோட்டுகளைப் புரட்டிவிட்டு, “இயற்கைக் காட்சியில எதுக்கம்மா புகைபோக்கி?” என்று கேட்டார். “அந்தப் பிள்ளைக்குச் சூரியன் அங்கிருந்துதானுங்க வாருது” என்றார் இவர். அன்று மாலை தலைமையாசிரியை இவரைத் தனியாகக் கூப்பிட்டு, வழக்கமான மலையையும் ஆற்றையும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். “அந்த மலையை நான் பாத்ததில்லீங்க” என்று சொல்லிவிட்டு வந்தவர், அப்புறமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சூரமங்கலத்தில், ரயில்வேயில் வேலையாயிருந்த அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கழுத்தில் சிறிய சிலுவை, வெள்ளை நூல் சேலை, முந்தானை ஓரத்தில் பிரஷ் துடைத்த கறைகள். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார். தாடையையோ, கழுத்தோடு தோள் சேரும் இடத்தையோ பார்த்துக்கொண்டே பேசுவார். முதல் சில மாதங்கள் எனக்கு அது கூச்சமாக இருந்தது. சேலை விலகியிருக்கிறதோ என்று இழுத்து இழுத்து விட்டுக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் காலைப் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார். தோளில் துணிப்பை, அதில் அட்டையும் காகிதமும் வர்ண வில்லைகளும். கையில் தண்ணீர் நிறைத்த தூக்குப்போசி. ஒருமுறை நானும் உடன் போனேன். ராசிபுரம் பஸ்ஸில் ஏறி, வழியில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலைக்கு முன்னால் இறங்கினோம். பெரிய சிமெண்டுக் களம் முழுக்க மரவள்ளி மாவு காய்ந்துகொண்டிருந்தது. கண் கூசியது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு பலகையால் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் குடையைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு உட்கார்ந்தார்.

அரைமணி கழித்து எட்டிப் பார்த்தேன். வானம் இருந்தது, சுவர் இருந்தது, பெண்கள் இருந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணும் வந்து எட்டிப் பார்த்தாள்.

“எங்க மாவைக் காணோமுங்களே?”

“இதுல வெள்ளைன்னு தனியாக் கலர் வச்சுக்கறதில்லீங்க. வெள்ளை வேணும்னா அந்த எடத்தைத் தொடாம உட்டுரோணும். சுத்தியும் இருக்கறதைப் போட்டிருக்கறேன். மாவு நடுவால இருக்குது, பாருங்க.”

அந்தப் பெண் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திடீரென்று, “அட, ஆமாங்க!” என்று கத்திவிட்டு மற்றவர்களையெல்லாம் கூப்பிட்டாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவருக்குத் திருப்தியில்லை. அந்தப் பெண்களின் நிழல் தப்பு என்றார். “வெள்ளை மேல உழுகற நெழலு கருப்பில்லீங்க டீச்சர். நீலமும் இல்லை. அது என்னன்னு இன்னும் பாக்கலை.” அதற்காகத் தொடர்ந்து எத்தனையோ ஞாயிறுகள் அதே களத்துக்குப் போனார். நான் மறுபடி போகவில்லை. வெயில் என்னால் ஆகாது.

படங்களைக் கடைவீதியில் ஒரு கண்ணாடிச் சட்டக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்தார். சாமி படங்களுக்கு நடுவே அவருடைய ஏரியும் களமும் சந்தையும் மாதக்கணக்கில் தொங்கும். யாரும் வாங்க மாட்டார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். “பனிமலை, ரோசாப்பூ, அன்னப்பறவை, இந்த மூணுல ஒண்ணைப் போட்டுக் குடுங்க டீச்சர், நாளைக்கே வித்துத் தாரேன்” என்று கெஞ்சுவார். “அன்னத்தைக் கொண்டாங்க, போட்டுத் தாரேன்” என்பார் இவர்.

அந்தக் கடையில் படத்தைப் பார்த்து முதன்முதலில் இவரைத் தேடி வந்தவர் நாமக்கல் பக்கத்து லாரிக்காரர் ஒருவர். தன் வீட்டையும் வாசலில் நிற்கும் லாரியையும் வரைந்து தர வேண்டும் என்றார். இவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். லாரிக்காரருக்கு ஒரே ஒரு ஆசை.

“ஏனுங்க, மாடி ஒண்ணு எடுக்கறதா இருக்கறேன். ஆவணியில முடிச்சுப்போடுவோம். அதையும் சேத்துப் போட்டுருங்க.”

“ஆவணியில வாரேனுங்க.”

“எதுக்குங்க ரெண்டு நடை? எப்படி வரும்னு மேஸ்திரி பிளான் வச்சிருக்கறாரு, காட்டறேன்.”

“பிளானைப் போட மாட்டேனுங்க. மாடியை எடுங்க, வந்து போடறேன்.”

இரண்டு ஆவணிகள் போயின. பிறகு ஒரு நாள் அவரே பள்ளிக்கூட வாசலில் லாரியோடு வந்து நின்றார். மாடி முடிந்துவிட்டதாம், மேலே சுண்ணாம்பு அடிப்பதுதான் பாக்கியாம். இவர் போய், கீழே வெள்ளையும் மேலே செங்கல்லுமாக எப்படி இருந்ததோ அப்படியே போட்டுக் கொடுத்தார். லாரிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தாலும் அந்தப் படத்தை முன்கட்டில் மாட்டி, “இந்த டீச்சரம்மா வையும்னு பயந்துக்கிட்டே மாடி எடுத்தேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாராம். அவர் சொல்லித்தான் மேலும் நாலு பேர் படம் கேட்டு வந்தார்கள்.

பங்குச் சாமியாரிடமும் இதே கதைதான். திருவிழாவுக்கு மாதா படம் ஒன்று வரைந்து தரச் சொன்னார். இவர் தயங்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“பாக்காததைப் போட மாட்டேனுங்க சாமி.”

“பார்க்காமல் நம்புவதுதானே அம்மா விசுவாசம்?”

“நம்பறதுக்குக் கண்ணு வேண்டாங்க சாமி. போடறதுக்கு வேணும்.”

சாமியார் சிரித்துவிட்டார். படம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக இவர் விடியற்காலைப் பூசை நேரத்தில் கோயில் வாசலை வரைந்து கொடுத்தார். வாசல்படிக்குக் கீழே முப்பது நாற்பது ஜோடிச் செருப்புகள். “செருப்பு இல்லாமல் இருந்திருக்கலாம்” என்றார் சாமியார். “இருந்துதுங்களே சாமி” என்றார் இவர்.

இதுவரை சொன்னதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். மல்லிகா. நாங்கள் ஈரோட்டில் இருந்தபோது, நான்கு வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் உயிரோடிருந்தபோது ஒருமுறை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஆளைப் பார்த்து அவள் அலறிய அலறலில், அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம். அடுத்த மாதம் அவள் இல்லை. என் கணவர் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு சேலத்துக்கு வந்தார். வந்த பிறகு அவள் பெயரை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு நானும் சொல்வதில்லை.

டிராயிங் டீச்சர் பள்ளிக்கு வந்து மூன்றாம் வருடம், மதியச் சாப்பாட்டு வேளையில், தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அவரிடம் கேட்டேன். மல்லிகாவை வரைந்து தர வேண்டும் என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவருடைய சோறு அப்படியே ஆறிப்போயிருந்தது.

“என்னால ஆகாதுங்க டீச்சர்” என்றார்.

“நான் சொல்லச் சொல்லப் போடுங்க. மூக்கு, கண்ணு, நெத்தி எல்லாம் சொல்றேன்.”

“நீங்க சொல்லச் சொல்ல ஒரு கொழந்தை வரும். அழகாத்தான் இருக்கும். செவுத்துல மாட்டுவீங்க, தெனமும் பாப்பீங்க. ரெண்டு வருசம் போனா உங்களுக்கு அந்தக் கொழந்தை மூஞ்சிதான் நிக்கும். உங்க மல்லிகா நிக்க மாட்டா.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்போதுதான் தன் அப்பாவைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார். ஓமலூர்ப் பக்கம் தண்டவாள வேலையில் கேங்மேனாக இருந்தவர். காக்கி அரைக்கால்சட்டையும் தலைத்துண்டுமாகவே வாழ்ந்து செத்தவர். அவரும் போட்டோ எடுத்ததில்லை. இறந்த பிறகு அண்ணன் ஓர் ஓவியரிடம் சொல்லி, சித்தப்பாவின் முகத்தை அடையாளம் வைத்து, கோட்டும் டையும் போட்டு ஒரு படம் வரையச் செய்தார். அதற்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள்.

“எங்கப்பா கோட்டுப் போட்டதே இல்லீங்க. இப்பக் கண்ணை மூடினா எனக்குக் கோட்டுக்காரருதான் வாராரு. எங்கப்பா எப்படி இருந்தாருன்னு தேடித் தேடிப் பாக்கறேன். வர மாட்டீங்கறாரு. உங்களுக்கு அதை நான் பண்ண மாட்டேன்.”

இன்று அது எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை. “பெத்து வளத்தவங்களா இருந்தா இப்படிப் பேச மாட்டீங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அதன் பிறகு மூன்று மாதங்கள் நான் அவரோடு பேசவில்லை. ஆசிரியைகள் அறையில் நாற்காலியைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவர். தோளில் அதே துணிப்பை.

“நான் பாக்கலை. நீங்க பாத்திருக்கீங்க. அதனால நீங்கதான் போடோணும்” என்றார்.

“எனக்கு ஒரு பானைகூட வரையத் தெரியாது.”

“அதுக்குத்தான் வந்திருக்கறேன்.”

நான் கதவைச் சாத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது அட்டையும் பென்சிலும் வாசலில் இருந்தன. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அன்றும் நான் உள்ளே கூப்பிடவில்லை. மூன்றாம் சனிக்கிழமை மழை. நனைந்துபோய் நின்ற மனுஷியை எப்படித் திருப்பி அனுப்புவது?

டம்ளரில் ஆரம்பித்தோம். டம்ளர், கத்தரிக்காய், என் இடது கை. வாராவாரம் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருவார், நாலு மணிக்குப் போவார். புகழ மாட்டார், திட்டவும் மாட்டார். “பாத்தீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்பார். நினைத்து வரைந்தது அவருக்கு உடனே தெரிந்துவிடும். நான் வரையும் காகிதத்தில் ஒருமுறைகூட அவர் பிரஷ் வைத்ததில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், “இன்னிக்கு மல்லிகாவைப் போடுங்க” என்றார். பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். முகம் வரவில்லை. மூக்கு என்று நினைத்தால் என் தங்கையின் மூக்கு வந்தது. கண் என்று நினைத்தால் வகுப்பில் இருந்த எந்தப் பிள்ளையின் கண்ணோ வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று இவரிடம் சண்டை போட்டவள் நான். பென்சிலை வீசிவிட்டு அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகு கேட்டார்:

“தெனமும் அவளை ரொம்ப நேரம் எப்பப் பாப்பீங்க?”

யோசித்தேன். “தலை பின்னறப்ப. மடிக்கு முன்னால உக்கார வச்சுக்குவேன். தலையை ஆட்டிக்கிட்டே இருப்பா, நேரமாகும்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது முதுகுப் பக்கம். மூஞ்சியை உடுங்க. கையைத் தூக்குங்க. பின்னறாப்பல வச்சுக்கங்க.”

வெறும் காற்றில் கைகளை வைத்தேன். இல்லாத தலையை இரண்டு பக்கமும் பிடித்தேன். அவர் தன் பையிலிருந்து அளவுகோலை எடுத்து என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அளந்தார். “தலை இவ்வளவு அகலம்” என்று குறித்துக்கொண்டார். “கழுத்து?” என்றார். என் விரல்கள் தாமாகக் கீழே இறங்கிச் சரியான இடத்தில் நின்றன. “தோளு?” இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. அதை அப்போதுதான் நானே கவனித்தேன். அவள் எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் உட்காருவாள். தரையில் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பாள்.

“பாத்தீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?” என்றார்.

“பாத்தேன்” என்றேன்.

அந்த முதுகை வரைந்து முடிக்கக் கோடைகாலம் முழுவதும் ஆயிற்று. எத்தனை காகிதங்கள் வீணாயின என்று கணக்கில்லை. பள்ளி விடுமுறையிலும் அவர் சனிக்கிழமை தவறவில்லை. பிடரிமுடியில் ஒரு சுழி உண்டு, அது வரவே மாட்டேன் என்றது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், “இதை மட்டும் நீங்க சரி பண்ணிக் குடுங்களேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்” என்றேன்.

“அந்தச் சுழியை நான் சீவி உட்டதில்லீங்க டீச்சர்” என்றார். பிரஷைக் கழுவி மறுபடி என் கையில் கொடுத்தார்.

ஆனி மாதம், பள்ளி திறந்த சமயம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படம் முடிந்தது. கைதேர்ந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். பாவாடை மரப்பலகை மாதிரி இருந்தது. கால் ஒன்று எங்கே போனதென்று தெரியாது. ஆனால் தோளும் கழுத்தும் பிடரியும் இரட்டைப் பின்னலும் மல்லிகாதான். வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. டிராயிங் டீச்சர் அதைக் கையில் எடுக்காமல், குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்தச் சமயம் பார்த்து என் கணவர் வேலை முடிந்து வந்துவிட்டார். சனிக்கிழமைகளில் நான் டம்ளரும் கத்தரிக்காயும் வரைவதாகத்தான் அவருக்குத் தெரியும். மறைக்க நேரமில்லை. படம் மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவர் அப்படியே நின்றார். எப்போதும்போல வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கிட்டே வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ரிப்பன் ஊதா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “என்னங்க?”

“மல்லிகாவுக்கு ஊதா ரிப்பன். நீ செகப்புப் போட்டிருக்கறே.”

மூன்று வருடத்துக்கும் மேலாகிவிட்டது, அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு. ஆனால் என் வாயில் வந்தது ரிப்பன் பேச்சுதான்.

“ஊதாவை அவ கட்டிக்கவே இல்லீங்க. எப்பவும் செகப்புதான்.”

“மொதல்ல ஊதா. தேர்க்கடையில நான்தானே வாங்கினேன்? செகப்பு வேணும்னு அவ கீழ உருண்டு அழுதாளே!”

“அழுததுக்கப்புறந்தானே நீங்க மறுபடி போயிச் செகப்பு வாங்கியாந்தீங்க? அதைத்தானே கடைசி வரைக்கும் அவுக்க உடலை?”

“ஒத்தைப் பின்னலுக்குச் செகப்பு, ரெட்டைப் பின்னலுக்கு ஊதா. எனக்குத் தெரியாதா?”

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. டிராயிங் டீச்சர் துணிப்பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டிருந்தார். ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. அதற்குள் என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊதா ரிப்பன் எந்தக் கடையில், எப்படி வாங்கியது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தார்.